கோடிட்ட இடத்தைக் கேட்டு நிரப்புக

எழும்பூர் ரயில் நிலையத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் இஞ்சின் இரைச்சல். மறுபக்கம் தேநீர் விற்பவரின் குரல். தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரக்கிறது. அறிவிப்பில் பாதி காதில் விழவே இல்லை. ஆயினும் உங்கள் வண்டி ஐந்தாவது நடைமேடைக்கு வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, மூட்டை முடிச்சுகளைத் தூக்கிவிடுகிறீர்கள். இது எப்படி? உங்கள் காது அவ்வளவு கூர்மையானதா?

அப்படி ஒன்றும் இல்லை. அந்த அறிவிப்பு எந்த வரிசையில் வரும் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். வண்டியின் எண், பெயர், புறப்பட்ட ஊர், போய்ச் சேரும் ஊர், பிறகு நடைமேடை எண். வரப்போவது ஓர் எண் என்று மூளை காத்திருந்தது. அந்த எண்ணை மட்டும் இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டது.

இதே ஆளை ஆங்கிலக் கேட்டல் தேர்வில் உட்கார வையுங்கள். இரைச்சல் இல்லை. காதில் ஹெட்போன், அதில் தெளிவான குரல். ஆனால் வினாத்தாளில் கோடிட்ட இடங்கள் காலியாகவே நிற்கின்றன. "எனக்கு ஆங்கிலம் வராது" என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். பல சமயங்களில் அந்த முடிவு தவறானது. இத்தகைய தேர்வில் விடையாக வருபவை பெரும்பாலும் 'டிக்கெட்', 'வின்டர்', 'லைப்ரரி' போன்ற, ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கும் தெரிந்த சொற்கள்தாம். அப்படியானால் சறுக்கல் எங்கே நடந்தது? அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

ஓர் உண்மையான தேர்வையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்புவோர் எழுதும் 'ஐஇஎல்டிஎஸ்' என்னும் தேர்வு 1989ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. அதன் கேட்டல் பகுதியில் 40 வினாக்கள், நான்கு பிரிவுகள், ஒலிப்பதிவு ஏறத்தாழ 30 நிமிடம். முதல் பிரிவில் இருவரின் அன்றாட உரையாடல்; நான்காம் பிரிவில் ஒரு வகுப்பறைச் சொற்பொழிவு. படிவம், குறிப்பு, அட்டவணை, வாக்கியம் என்று பல உருவங்களில் கோடிட்ட இடங்கள் வரும். எல்லாவற்றையும் ஒரே ஒரு முறைதான் கேட்கலாம்! கேம்பிரிட்ஜின் 'பி2 ஃபர்ஸ்ட்' போன்ற சில தேர்வுகளில் இரண்டு முறை கேட்கவைக்கிறார்கள். இங்கே அந்தச் சலுகை இல்லை.

கோடிட்ட இடத்தை நிரப்புவது பள்ளிக்கூடத்தில் நமக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் 1953ஆம் ஆண்டில் அமெரிக்கரான வில்சன் டெய்லர் அதை ஓர் அளவுகோலாகவே மாற்றினார். ஒரு கட்டுரை படிக்க எளிதா கடினமா என்று அறிய விரும்பிய அவர், அதில் ஐந்து சொற்களுக்கு ஒன்றாக நீக்கிவிட்டு, வாசகரை நிரப்பச் சொன்னார். எளிய கட்டுரையில் அதிக இடங்கள் நிரம்பின. அதாவது, மொழியில் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லைப் பற்றி ஏதோ ஒரு துப்புக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வாசகர் அந்தத் துப்பைப் பிடித்து வெற்றிடத்தை மூடிவிடுகிறார்.

கண்ணுக்குச் சரி. காதும் இதைச் செய்யுமா?

இருமலுக்குள் மறைந்த எழுத்து

1970ஆம் ஆண்டில் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியல் அறிஞர் செய்த சோதனை மிகவும் வேடிக்கையானது. ஆங்கில வாக்கியம் ஒன்றை நாடாவில் பதிவு செய்தார். அதில் வந்த 'லெஜிஸ்லேச்சர்ஸ்' என்ற சொல்லின் நடுவே உள்ள 'ஸ்' ஒலியை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். 20 பேரைக் கேட்கச் செய்து, "ஏதாவது ஒலி விடுபட்டிருக்கிறதா?" என்று வினவினார். 19 பேர் ஒன்றும் விடுபடவில்லை என்றார்கள். இருபதாவது ஆள் விடுபட்டிருக்கிறது என்று சொல்லி, தவறான ஒலியைக் குறிப்பிட்டார்! இருமல் எந்த இடத்தில் வந்தது என்பதையும் அவர்களால் சரியாகக் காட்ட முடியவில்லை. இல்லாத எழுத்தை அவர்கள் ஊகிக்கவில்லை, உண்மையாகவே கேட்டார்கள். காது விட்டதை மூளை நிரப்பிக் கொடுத்துவிட்டது.

இன்னொரு சோதனை இதையும் மிஞ்சுகிறது. 'ஈல்' என்ற ஒலிக்கு முன்னே ஓர் இருமலை வைத்து, அதை ஒரே மாதிரியான வாக்கியங்களில் ஒட்டினார்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல் மட்டுமே வேறுபட்டது. அச்சு என்று முடிந்தபோது கேட்டவர் காதில் 'வீல்' விழுந்தது. காலணி என்று முடிந்தபோது 'ஹீல்'. ஆரஞ்சு என்று முடிந்தபோது 'பீல்', அதாவது தோல். மேசை என்று முடிந்தபோது 'மீல்', அதாவது சாப்பாடு. பின்னால் வந்த சொல் முன்னால் போன ஒலியைத் தீர்மானித்திருக்கிறது, பார்த்தீர்களா?

மூன்றாவதாக ஒன்று. 1964ஆம் ஆண்டில் பொல்லாக், பிக்கெட் என்ற இருவர் சாதாரண உரையாடல் ஒன்றிலிருந்து சொற்களைத் தனித்தனியே வெட்டி எடுத்துக் கேட்கவைத்தனர். கேட்டவர்களின் தாய்மொழியே ஆங்கிலம். அப்படியிருந்தும் தனியாகக் கேட்டபோது ஏறத்தாழப் பாதிச் சொற்களைத்தான் அவர்களால் அடையாளம் காண முடிந்தது.

இது உங்களுக்கு ஆறுதல் தரவேண்டிய செய்தி. எல்லாச் சொற்களும் தெளிவாகக் காதில் விழவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். லண்டன்காரருக்கே அவை விழுவதில்லை. அவர் முன்னும் பின்னும் உள்ளதை வைத்து நிரப்பிக்கொள்கிறார். அதே வேலையை நீங்கள் தெரிந்தே, கொஞ்சம் முன்கூட்டியே செய்யவேண்டும்.

ஊகம் உதவும், ஊகம் ஏமாற்றும்

ஒவ்வொரு பகுதியும் தொடங்கும் முன் வினாக்களைப் படிக்கச் சில விநாடிகள் தருகிறார்கள். பலர் இந்த நேரத்தில் பேனாவைச் சரிபார்க்கிறார்கள், அல்லது குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறார்கள். தேர்வின் விலை மதிப்பற்ற நேரம் அதுதான்.

சைக்கிள் வாடகைக் கடை ஒன்றின் படிவம் வினாத்தாளில் இருக்கிறது என்று கொள்வோம். (தேர்வில் ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே தமிழில் தருகிறேன்.)

மாணவருக்கு ஒரு நாள் வாடகை: ______ பவுண்டு
சைக்கிளுடன் இலவசமாகத் தருவது: ஒரு ______
திருப்பித் தரவேண்டிய இடம்: ______ எதிரே

முதல் கோட்டில் வரப்போவது எண். அது ஆயிரக்கணக்கில் இருக்காது. இரண்டாவது, ஒருமையில் வரும் ஒரு பொருள். ஆங்கிலத்தில் அதற்கு முன் 'அ' இருக்கிறதா, 'அன்' இருக்கிறதா என்று பாருங்கள். 'அ' இருந்தால் அந்தச் சொல் மெய்யொலியில் தொடங்கும். மூன்றாவது ஒரு கட்டிடம் அல்லது தெரு. இப்படி ஒவ்வொரு கோட்டுக்கும் 'இன்ன வகைச் சொல்' என்று ஒரு கூண்டு கட்டி வைத்துவிட்டால், நடைமேடை எண்ணுக்குக் காத்திருந்தது போலவே மூளை காத்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "விடையை முன்கூட்டியே ஊகித்துவிடு" என்று பல பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வகையை ஊகியுங்கள், சொல்லை ஊகிக்காதீர்கள். ஏன் என்று ஒலிப்பதிவைக் கேட்டால் விளங்கும். கடைக்காரர் பேசுகிறார்:

"நாளுக்குப் பன்னிரண்டு பவுண்டாக இருந்தது. இந்த மாதத்திலிருந்து பதினைந்து ஆக்கிவிட்டோம். ஓ, நீங்கள் மாணவரா? அட்டையைக் காட்டினால் பத்துதான். ஹெல்மெட் வேண்டுமென்றால் அதற்குத் தனியே இரண்டு பவுண்டு. பூட்டுக்கு நாங்கள் எதுவும் வாங்குவதில்லை."

முதல் எண்ணைக் கேட்டதும் 12 என்று எழுதியவர் போனார். 15 என்று எழுதியவரும் போனார். 'இலவசமாகத் தருவது ஹெல்மெட்டாகத்தான் இருக்கும்' என்று முன்பே மனத்தில் எழுதி வைத்தவர், ஹெல்மெட் என்ற ஒலி காதில் பட்டவுடன் துள்ளி எழுதிவிடுவார். விடை பூட்டு. வாரனின் சோதனையில் இருமலுக்குள் 'ஸ்' கேட்டவர்களின் மூளையும் இவருடைய மூளையும் ஒன்றுதான். எதிர்பார்த்ததைக் கேட்டுவிடுவது அதன் பலம். அதுவே அதன் பலவீனம். வினாத்தாள் தயாரிப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே ஒரு விடைக்கு இரண்டு மூன்று போலிகளை வேண்டுமென்றே தூவி வைக்கிறார். எனவே முதலில் கேட்டதை ஓரத்தில் கிறுக்கிக்கொள்ளுங்கள். அடுத்த வினாவுக்குப் பேச்சு நகர்ந்த பிறகே அதை உறுதி செய்யுங்கள். 'பட்', 'ஆக்சுவலி', 'இன்ஸ்டெட்' போன்ற சொற்கள் வந்தால், சற்றுமுன் சொன்னது மாறப்போகிறது என்று பொருள்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? படிவத்தில் 'இலவசம்' என்று இருந்தது. கடைக்காரர் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை; 'எதுவும் வாங்குவதில்லை' என்றார். இது தற்செயல் அன்று. கோட்டைச் சுற்றியுள்ள சொற்களை மாற்றிப் பேசுவார்கள். கோட்டில் நிரப்பவேண்டிய சொல்லை மட்டும் அப்படியே சொல்வார்கள். ஆகையால், படிவத்தில் உள்ள சொல் அப்படியே காதில் விழட்டும் என்று காத்திருப்பவர் ஏமாறுவார். படிக்கும்போதே 'இலவசம் என்பதை வேறு எப்படியெல்லாம் சொல்லலாம்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பூட்டைத் தவறவிட்டாயிற்று. அப்போது என்ன செய்வது? 'என்ன சொன்னார்? என்ன சொன்னார்?' என்று மனம் பின்னோக்கி ஓடுகிறது. ஓடிப் பயன் இல்லை. காதில் விழுந்த சொற்களை மனத்துக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டு வைத்திருக்கும் நினைவின் நீளம் மிகக் குறைவு. ஏறத்தாழ இரண்டு விநாடிகளில் எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவுதான் அதில் தங்கும் என்று ஆலன் பாட்லியும் அவருடைய கூட்டாளிகளும் 1975ஆம் ஆண்டில் காட்டினார்கள். அதற்குள் எழுதாதது கரைந்துவிடும்.

இழப்பு அதோடு நிற்பதில்லை. 1953ஆம் ஆண்டில் கோலின் செர்ரி என்ற ஆங்கிலேயர், ஒருவரின் இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சுகளை ஒலிக்கச் செய்து, ஒரு காதில் வருவதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் செய்தார். மறு காதில் என்ன பேசினார்கள் என்று பின்னர் கேட்டால், ஒன்றும் தெரியவில்லை. நடுவில் அந்தக் காதில் ஆங்கிலம் போய் ஜெர்மன் வந்ததைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை! காது திறந்திருந்தது, கவனம் அங்கே இல்லை. போன விடையை நினைத்து வருந்தும் மாணவரும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். கடைக்காரர் சைக்கிளைத் திருப்பித் தரவேண்டிய இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது மறு காதில் போகிறது. ஒரு விடை போனது போதாதென்று அடுத்தடுத்து மூன்று விடைகள் போவது இப்படித்தான். மதிப்பெண் சரிவதற்கு ஆங்கில அறிவுக் குறைவைவிட இந்தத் துக்கமே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இதற்கு மாற்று எளிது. விடைகள் வினா வரிசையிலேயே வரும். எனவே எப்போதும் இரண்டு கோடுகளின் மேல் கண் வைத்திருங்கள்: இப்போது நிரப்பவேண்டியது ஒன்று, அடுத்தது ஒன்று. அடுத்ததற்கான துப்புக் காதில் விழுந்துவிட்டால், முந்தையதை அப்படியே விட்டுவிட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே விட்ட இடத்தைக் கடைசியில் பொருத்தமான ஒரு சொல்லால் நிரப்பிவிடலாம்.

கேட்பதையெல்லாம் எழுதிக்கொண்டே போகலாமே என்று சிலர் எண்ணுவதுண்டு. ஆங்கிலப் பேச்சு நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள் வேகத்தில் ஓடுகிறது. கையோ நிமிடத்துக்கு 25 சொற்கள் எழுதினாலே அதிகம். முடியாத பந்தயம்.

தமிழ்க் காதும் ஆங்கில ஒலியும்

இதுவரை சொன்னது எல்லா நாட்டு மாணவருக்கும் பொது. இனி நமக்கு மட்டும் உரிய ஒரு சங்கதி.

பேரிக்காயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் கரடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால், இரண்டும் 'பேர்'தான். நம் எழுத்தில் வேறுபாடு இல்லை. ஆங்கிலத்தில் பழம் எது, விலங்கு எது என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? 1964ஆம் ஆண்டில் லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற இரு ஒலியியல் அறிஞர்கள் இதை 11 மொழிகளில் அளந்தார்கள். அவற்றில் தமிழும் ஒன்று! உதடு திறந்ததற்கும் குரல்நாண் அதிரத் தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதே அவர்களின் அளவை. ஆங்கிலத்தின் பேரிக்காய் 'ப'-வில் அந்த இடைவெளி 60 மில்லி விநாடி அளவுக்குச் செல்கிறது. அந்த நேரத்தில் 'புஃ' என்று காற்று வெளியேறுகிறது. தமிழில் 'பல்' என்று சொல்லும்போது வரும் 'ப'-வில் இடைவெளி சுமார் 10 மில்லி விநாடிதான், காற்று இல்லை. ஆங்கிலத்தின் கரடி 'ப' இதற்கு மிக அருகில் இருக்கிறது.

ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்து, 'பல்' என்று சொல்லுங்கள். சுடர் அதிகம் அசையாது. பிறகு பிபிசி செய்தி வாசிப்பவரைப் போலப் பேரிக்காய்ச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். சுடர் சாயவேண்டும். சாயவில்லை என்றால், நீங்கள் சொல்வது அவர்களுக்குக் கரடி! கேட்கும்போதும் இதே காற்றைத்தான் தேடவேண்டும்.

சொல்லின் முடிவில் கதை வேறு. தொப்பியும் வாடகைக் காரும் தமிழ் எழுத்தில் 'கேப்'. ஆங்கிலத்தில் கடைசி மெய்யொலி பெரும்பாலும் தெளிவாகக் காதில் விழாது. ஆனால் வாடகைக் காரில் வரும் உயிரொலி தொப்பியில் வருவதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளும். மாத்திரைக் கணக்குப் படித்த நமக்கு இதைப் பிடிப்பது கடினமில்லை. மெய்யைத் தேடாமல், அதற்கு முன்னுள்ள உயிரின் நீளத்தைக் கவனியுங்கள்.

'தர்ட்டீன்', 'தர்ட்டி' குழப்பம் பலரை வீழ்த்தியிருக்கிறது. பின் பாதியில் அழுத்தம் வந்தால் பதின்மூன்று, முன் பாதியில் வந்தால் முப்பது என்று சொல்லிக்கொடுப்பார்கள். பாதிதான் உண்மை. பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்துவிட்டால் பதின்மூன்றிலும் அழுத்தம் முன்னே தாவிவிடும். நீண்ட 'ஈ'யையும் இறுதி 'ன்' ஒலியையும் தேடுவதே நம்பகமான வழி.

குற்றியலுகரம் படித்திருப்பீர்கள். 'பாட்டு' என்னும்போது கடைசி உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைகிறது அல்லவா? ஆங்கிலத்தில் இத்தகைய தேய்வு வாக்கியம் முழுவதும் நடக்கிறது. 'டு', 'ஆஃப்', 'அண்ட்', 'கேன்' போன்ற சிறு சொற்கள் தேய்ந்து, பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. பொருள் சுமக்கும் பெயர்களும் வினைகளும் எண்களுமே ஓங்கி ஒலிக்கின்றன. கோட்டில் நிரப்பவேண்டியவையும் பெரும்பாலும் அவைதாம். ஆகவே விழுங்கப்பட்ட சிறு சொற்களைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள்.

உச்சரித்துக் காட்டும் பெயர்களிலும் எண்களிலும் சில வலைகள் உண்டு. 'டபிள்' என்றால் அடுத்த எழுத்தோ எண்ணோ இரு முறை. 'ஓ' என்பது தொலைபேசி எண்ணில் பூஜ்யம். ஆங்கிலத்தின் கடைசி எழுத்தை இங்கிலாந்தில் 'ஸெட்' என்பார்கள், அமெரிக்காவில் 'ஸீ' என்பார்கள். ஆஸ்திரேலியர் சிலர் சொல்லும் 'ஏ' நம் காதில் 'ஐ' போல விழும். ஐஇஎல்டிஎஸ் ஒலிப்பதிவில் இந்த நாட்டவர் எல்லாருமே பேசுவார்கள்.

சரியாகக் கேட்டும் மதிப்பெண் இழப்பவர்கள் உண்டு. 'இரண்டு சொற்களுக்கு மேற்படாமல்' என்று கட்டளை இருந்தால், மூன்று சொல் எழுதிய விடை முழுவதும் தவறு. படிவத்தில் 'பவுண்டு' என்று அச்சிட்டிருக்கும்போது நீங்களும் அதை எழுதுவது வீண். எழுத்துப்பிழைக்கு மன்னிப்பு இல்லை. ஆனால் பிரிட்டிஷ், அமெரிக்க முறை இரண்டில் எதில் எழுதினாலும் ஏற்பார்கள். பன்மையைக் காட்டும் கடைசி 'ஸ்' விடுபடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. எழுதிய பின் வாக்கியத்தை முழுவதும் படித்துப் பார்த்தால், காது விட்ட 'ஸ்'ஸை இலக்கணம் பிடித்துவிடும். காகிதத்தில் தேர்வு நடக்கும் இடங்களில் விடைகளைப் பெயர்த்தெழுத 10 நிமிடம் தருகிறார்கள். கணினியில் எழுதினால் சரிபார்க்க 2 நிமிடம்தான்.

பயிற்சிக்குப் பெரிய செலவில்லை. எழுத்து வடிவத்தோடு கிடைக்கும் ஒலிபரப்பு ஏதேனும் போதும்; பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' அவற்றில் ஒன்று. நண்பர் ஒருவர் எழுத்து வடிவத்தில் பத்துச் சொற்களை மறைத்துக் கோடிடட்டும். நீங்கள் ஒரே முறை கேட்டு நிரப்புங்கள். பின்பு தவறியவற்றை ஒரு நோட்டில் மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள்: பொருள் தெரியாத சொல், தெரிந்தும் காதில் பிடிபடாத சொல், பிடிபட்டும் தவறாக எழுதிய சொல். இரண்டு வாரம் செய்தால் எந்தப் பத்தி நீள்கிறது என்று தெரிந்துவிடும். நடுப் பத்தி நீண்டால், அகராதியைச் சிறிது காலம் மூடி வையுங்கள். அந்தச் சொற்களை ஒலிப்பதிவில் வருவது போலவே உரக்கச் சொல்லிப் பழகுங்கள். 'ப', 'ட', 'க' ஒலிகளில் தொடங்கும் சொற்களுக்கு மெழுகுவர்த்தியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.